முந்நூற்றுப் பன்னிரண்டு வெறுங்கோடுகள்

குடியுரிமை அலுவலகத்தின் பதிவறைக் காப்பாளரை எல்லோரும் கரையான் என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டு அல்ல, இருபத்தாறு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு. கப்பலில் வந்திறங்கியவர்களின் பழைய பதிவேடுகளை நிஜக் கரையான் தின்பதற்குள் இவர் படித்து முடித்துவிட்டார்.

அன்று, சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண்ணுக்குக் கடைசி விசாரணை. பழைய துறைமுகம் மூடப்படுவதற்கு முன் தாத்தா வந்திறங்கினார் என்று நிரூபித்தால் அவள் இந்நாட்டுக்காரி. இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் மூட்டை கட்ட வேண்டும். எந்த நாட்டுக்கு என்று சட்டம் சொல்லவில்லை. அது அவள் பாடு.

"பேர் இருக்கும்மா. ஆனா நீங்க சொல்ற கப்பல்ல அதே பேர்ல ஒன்பது பேர்," என்றார் அதிகாரி. "இதுல உங்க தாத்தா யாரு? அவரோட பேப்பர் எங்க? அந்தக் காலத்துல எல்லாரும் முறையாத்தான் வந்தாங்க."

கரையான் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க சார். ஆவணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அந்தக் கப்பல்ல வந்த முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கும் அதுல வெறும் கோடுதான்."

அதிகாரி பக்கம் புரட்டினார். கோடு. கோடு. மறுபடி கோடு. இந்த ஊரைக் கட்டியவர்கள் அத்தனை பேரும் கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! காகிதம் இல்லாதவர்களைத் துரத்தாமல், வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் உடம்பையும் ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறார் யாரோ ஒரு குமாஸ்தா.

கரையான் அந்த ஒன்பது பேரின் அடையாளங்களை வாசித்தார். "நெத்தியில வெட்டுத் தழும்பு. இடது காது மடல் கிழிசல். முதுகுல மச்சம். வலது சுண்டுவிரல் உள்பக்கமா வளைஞ்சிருக்கு..."

அவள் வலது கையை மேசைமேல் வைத்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து வளைந்திருந்தது.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் சார். கோணவிரலான் மவன்னுதான் அவரைக் கூப்பிடுவாங்க."

அதிகாரி பதிவேட்டையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை அரசாங்கம் மாறியிருக்கும், எத்தனை சட்டம் திருத்தியிருப்பார்கள்! அந்த வளைவை மட்டும் யாராலும் நிமிர்த்த முடியவில்லை.

"சரிதான்," என்றார், குரல் இறங்கி. "ஆனா ஃபைல்ல சேர்க்க நகல் வேணுமே."

"அதுக்கென்ன சார்?" கரையான் ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் தூக்கினார். "கையை வை தங்கச்சி. பயப்படாத, உன் இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சுடாது."

வெளிச்சம் ஓடியது. கறுப்புத் தாளில், ரேகைகளோடு ஒரு வெள்ளைக் கை வெளியே வந்தது. அதிகாரி எழுந்து நின்று அதை வாங்கினார். 'உண்மை நகல்' முத்திரையைக் கையில் எடுத்தவர், எங்கே குத்துவது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு, விரலில் படாமல், ஓரமாகக் குத்தினார்.