கடைசி மூன்று வரிகள்

எனக்குப் பத்து வயது ஆனபோது அப்பா ஒரு டைரி கொடுத்தார். அதனுடன் விதிகளும் தந்தார். நடந்ததை நேரத்தோடு எழுத வேண்டும். மையில்தான் எழுத வேண்டும். அடித்தல் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, பக்கத்தின் அடியில் காலி வரி விடக் கூடாது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அவர் அந்த வாரத்தை வாசிப்பார். ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார். அவர் விழுப்புரம் ரயில்வேயில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதியும் டைம்கீப்பராக இருந்தார். வீட்டிலும் அதே வேலைதான்.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளி நாலேகாலுக்கு விடும், வீட்டுக்குப் பதினெட்டு நிமிட நடை. ஒருநாள் அம்மா ஐந்து மணிக்கு வந்தாள். அப்பா சத்தம் போடவில்லை. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேலை வேணாம். வீட்டுல இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதன்பின் அம்மா ஓடித்தான் வருவாள்.

அந்த ஆண்டு ஆசிரியர்களுக்குக் கடலூரில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி என்று உத்தரவு வந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, என்னையும் துணைக்கு அழைத்துப் போகும்படி சொன்னார். யாருக்கு யார் துணை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. வியாழக்கிழமை பயிற்சி தள்ளிப்போய்விட்டதாகப் பள்ளிக்குத் தகவல் வந்தது. அம்மா அதை வீட்டில் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து நிலையத்தில் சரோஜா டீச்சரும் மேரி டீச்சரும் காத்திருந்தார்கள். இருவரும் அம்மாவோடு ஒரே பள்ளியில் வேலை செய்பவர்கள். சரோஜா டீச்சருக்கு மாற்றல் வந்திருந்தது, அடுத்த வாரம் தர்மபுரி. மேரி டீச்சரின் அக்கா குடும்பம் பிரான்சில் இருந்ததால் புதுச்சேரியில் உப்பளம் என்ற பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுச் சாவி இவரிடம்தான் இருந்தது. நாங்கள் ஏறியது புதுச்சேரி பஸ் என்பதை நான் பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா ஜன்னல் பக்கம் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். எதிரே விழுப்புரம் பஸ் வரும்போதெல்லாம் குனிந்து காலடியில் எதையோ தேடினாள்.

"என்னாடி தேடுற? உங்க வீட்டுக்காரரையா?" என்றார் சரோஜா டீச்சர். "அவரு வந்தா அலைய எண்ணி ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து வாங்குவாரு."

அம்மா சிரித்தாள். பிறகு திரும்பிப் பின் இருக்கைகளைப் பார்த்தாள்.

உப்பளம் வீட்டில் மரச் சாமான்கள் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. மாலை நாலு மணிக்குக் கடலுக்குக் கிளம்பினோம். ஒரு சந்திப்பில் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. அங்கே நின்ற போலீஸ்காரர் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தி, "நீ போம்மா, அவரு நிப்பாரு" என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். அம்மா போலீஸ்காரரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடியே கடந்தாள்.

பழைய துறைமுகத்துப் பக்கம் மணல் இருந்தது. அம்மா முதலில் கணுக்கால் வரைதான் நின்றாள். மேரி டீச்சர் பின்னாலிருந்து தள்ளிவிட, ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா அலறவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு, கழுத்து வரை தண்ணீர் ஏறி இறங்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் செருப்புகளுக்குக் காவல். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி உப்பளம் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

உப்பளம் வீட்டுக்குத் திரும்பி, ஆறரை மணிக்கு நான் டைரியை எடுத்ததும் மூவரின் பேச்சும் நின்றது.

"இத எப்பிடிடி மறந்த?" என்றார் சரோஜா டீச்சர்.

அம்மா என் அருகில் வந்து உட்கார்ந்தாள். தலைமுடியிலிருந்து இன்னும் உப்புநீர் சொட்டியது. "பாப்பா, கடலூர்னு எழுது. அம்மா கிளாசுக்குப் போனா, நீ மேரி டீச்சர் சொந்தக்காரங்க வீட்டுல படம் வரஞ்சன்னு எழுது."

"பொய் எழுதக் கூடாதும்மா."

"தெரியும். எழுதலன்னா அம்மா இனிமே ஸ்கூலுக்குப் போக முடியாது."

"பச்சப் புள்ளைய ஏன் இதுல இழுக்குற" என்றார் மேரி டீச்சர். அம்மா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள், நான் எழுதினேன். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தபின்தான் அவள் எழுந்து தலையைத் துவட்டப் போனாள்.

மறுநாள் காலை அம்மா எல்லாவற்றையும் உதறினாள். புடவை மடிப்பு, பையின் மூலைகள், என் காது மடல். செருப்புகளைக் குழாயடியில் கழுவி, துணியால் துடைத்தாள். ஒரு மணல் துகள்கூட வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. அவள் அந்த வேலையில் இருந்தபோது நான் டைரியைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமைப் பக்கத்தின் அடியில் மூன்று வரிகள் காலியாக இருந்தன. அப்பா முதலில் பார்ப்பதே பக்கத்தின் அடியைத்தான். கடலைப் பற்றியோ, உப்பளம் வீட்டைப் பற்றியோ எழுதக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். யாருக்கும் தீங்கில்லாத உண்மை ஒன்றாகத் தேர்ந்து எழுதினேன். "மாலை 4.10. சாலையைக் கடந்தோம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி எங்களை விட்டார். நல்லவர்." மூன்று வரிகளுக்கும் சரியாக இருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கு அப்பா மேசையில் உட்கார்ந்தார். அம்மா சமையலறை வாசலில் ஒரு கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது முன்பே துடைத்த கிண்ணம். அப்பா சனிக்கிழமைக்கு வந்தார். பக்கத்தின் அடிக்குப் போனார். பிறகு மேலிருந்து மறுபடியும் படித்தார்.

"தொப்பி நல்ல சிவப்பா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா. உருண்டையா, ஒசரமா."

கிண்ணம் துடைக்கும் சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் விட்டுப்போனது என்பதும், கடலூர்ப் போலீஸ்காரர் யாரும் அதைப் போடுவதில்லை என்பதும் அவர்கள் இருவருக்கும் தெரியும். அந்த வீட்டில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான். அப்பா பேனாவைத் திறந்து டிக் போட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கும் போட்டார். "கையெழுத்து தேவல" என்றார். பிறகு சாப்பிட்டோம்.

அன்று அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. அம்மா அந்த வாரம் முழுவதும், அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். அவர் மின்சாரக் கட்டணம் பற்றியோ, ரசத்தில் புளி பற்றியோ பேசுவார்.

தள்ளிப்போன பயிற்சி அடுத்த மாதம் உண்மையாகவே நடந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா பையை எடுத்தபோது, அப்பா உள்ளே போய்ப் பெரிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். குளித்தால் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அகலத் துண்டு, புதியது. அதை நான்காக மடித்து அவள் பையின் மேல் வைத்தார்.

"எடுத்துக்க. தல ஈரத்தோட இருந்தா சளி புடிக்கும்."

அம்மா துண்டைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். ஆறே முக்கால் பஸ் போயிருக்கும், ஏழரை பஸ்ஸும் போயிருக்கும். அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. வேலையை விடச் சொல்லி அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அம்மாவே எழுதினாள். அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தது நான்தான்.

அந்தச் சனிக்கிழமைப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. "காலை 6.05. அப்பா அம்மாவுக்குப் புதுத் துண்டு வாங்கித் தந்தார். அம்மாமேல் அப்பாவுக்கு மிகவும் பிரியம்" என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் இல்லை, அடியில் காலி வரியும் இல்லை. ஓரத்தில் சிவப்பு டிக் இருக்கிறது.