ஆயிரம் துண்டுப் படமும் கிடைக்காத லீவும்

சொன்னால் சிரிப்பீர்கள். இந்த ஊரில் நல்ல படத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்கிறார்கள். பெரியவர்களே காசு கொடுத்து வாங்கி, மேசையில் கொட்டி, நாள் கணக்கில் உட்கார்ந்து சேர்த்து, முடிந்ததும் கலைத்து டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். ஜிக்சா என்று பெயர். கனடாவுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாள் ஒரு டப்பாவை நீட்டினார். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, குழந்தை ஏது?" என்றேன். "குழந்தைக்கு யார் கொடுத்தது? உனக்குத்தான்" என்றார். கிண்டலாக எடுத்துக்கொண்டவன்தான், வகையாக மாட்டிக்கொண்டேன். வேலை விட்டு வந்து நாலு துண்டு சேர்த்தால் மனசு அப்படியே அடங்கிவிடும்.

திருத்தணியில் எங்கள் வீட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் குறுக்கெழுத்து. நைனா, அதாவது என் அப்பா, பேனாவும் கையுமாக உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் முதலில் எடுத்தாலும் மற்றவர்களுக்கு ரெண்டு சொல்லாவது மிச்சம் வைக்க வேண்டும். அக்கா ஒருமுறை முழுசாக நிரப்பிவிட்டாள் என்று ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை.

போன மாதம், வருஷா வருஷம் மலைப்படி ஏறுகிற அந்த மனுஷன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அக்கா போன் செய்தாள். "ஆபரேஷன்டா. உங்க பாவா ஒண்டியா அலைஞ்சிகினு இருக்காரு. நீ வந்தா தெம்பா இருக்கும்." பாவா அவள் புருஷன். "லீவு கிடைக்கலக்கா" என்றேன். பொய். நைனா விழுவதற்கு முன்பே வாங்கிவைத்த லீவு பதினைந்து நாள் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா, மூத்திரப் பை, எப்போ கல்யாணம் என்று கேட்கும் சொந்தக்காரர்கள், நினைத்தாலே அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். எழுதவே கூசுகிறது. அந்தப் பதினைந்து நாளும் கதவைச் சாத்திக்கொண்டு ஆயிரம் துண்டில் ஒரு மலையைச் சேர்த்தேன். நிம்மதியாக வேறு இருந்தேன், அதுதான் கேவலம்.

நைனா வீடு திரும்பியதும் வீடியோவில் பேசினோம். போனைச் சாய்த்து வைக்கும்போது மேசை தெரிந்துவிட்டது.

"இன்னாடா அது, படமா?" என்றாள் அக்கா.

"ஆங், துண்டு துண்டா சேக்கறது அக்கா."

"எத்தினி நாள் ஆச்சி?"

யோசிக்காமல் "ரெண்டு வாரம்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியது. நைனா ஆஸ்பத்திரியில் கிடந்ததும் சரியாக அதே ரெண்டு வாரம்.

கட்டிலில் சாய்ந்திருந்த நைனாவோ, "வேலைக்கு நடுவுல எவ்ளோ பொறுமையா செஞ்சிகினு இருந்திருக்கான் பாரு" என்று பூரித்துப்போனார். தலையணைக்கு அடியிலிருந்து ரெண்டு பேப்பரை எடுத்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் படுத்தபடி போட்ட குறுக்கெழுத்து. ரெண்டிலும் கீழே சில கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. "உனுக்குத்தான் வச்சிருக்கேன். லீவு எப்போ குடுப்பாங்களாம்?"

சொல்லிவிடலாம் என்று "நைனா" என்று ஆரம்பித்தேன். அக்கா குறுக்கே வந்தாள். என்னைப் பார்க்காமல், அவர் போர்வையை இழுத்துவிட்டபடி, "அந்த ஊர்ல லேசுல குடுக்க மாட்டாங்க நைனா. அவனும் கேட்டுகினுதான் இருக்கான்" என்றாள்.

நைனா நம்பினார். எங்கள் வீட்டுக் கூடத்தில், அக்கா பிடித்திருந்த போனில், உள்ளங்கை அளவு முகமாக நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.