அத்தை ஜாடை

பிரசவ அறையிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்த நர்ஸ், வெளியே நின்ற நாலைந்து பேரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் நேராகப் பெற்றவளின் நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"உங்களை உரிச்சு வச்சிருக்கான். நீங்க அத்தைதானே?"

உள்ளே, ஒரு ராத்திரி ஒரு பகல் வலி தின்று கிடந்தவளுக்கு அது தெளிவாகக் காதில் விழுந்தது. பெற்றவள் இன்னும் பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குள் அந்த முகத்துக்கு வேறொரு சொந்தக்காரி வந்துவிட்டாள்.

பெற்றவளுக்கு வேலை பெயிண்ட் கடையில். வண்ணம் கலந்து தருவது. சுவரிலிருந்து உதிர்ந்த நகக்கண் அளவு காரையைக் கொண்டு வந்து நீட்டி, "இதே கலர் வேணும்" என்பார்கள். மெஷின் ஒரு கணக்குச் சொல்லும். அவள் வாசல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுப்பு ரெண்டு சொட்டு கூட வேணும்" என்பாள். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். தெருவில் அவளுக்குக் கலர் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தன் பிள்ளையிடம் தன் சாயலை அணு அணுவாகத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

மூக்கு அத்தை மூக்கு. சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் விழும் குழி அத்தையுடையது. உச்சந்தலைச் சுழி, இடது கைப் பழக்கம், பேசும்போது ஒரு புருவத்தை மட்டும் தூக்குவது, எல்லாம் அச்சு அசலாக அத்தை. பிள்ளையின் அப்பா தபால்காரர். ஊருக்கெல்லாம் சேதி கொண்டு போய்க் கொடுப்பவருக்கு வீட்டுக்குள் நடப்பது எட்டவே எட்டாது. "எங்க அக்கா சின்ன வயசுல இப்படியேதான் இருப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அவள் அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அவர் "என்ன விழுந்துச்சு?" என்பார்.

நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி ரயில் ஓட்டுபவள். நெடுநெடுவென்று உயரம், கணீரென்ற குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரம் ஒரு நாள் விடுமுறை, அந்த நாளுக்கு அவள் வீடு தம்பி வீடுதான். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பையன் பாடப் புத்தகத்தை மூடிவிடுவான். இரண்டு பேரும் சோபாவில் ஒரே மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து சிக்னல், பிரேக், வளைவு என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அம்மா தேநீர் கொண்டு போய் வைப்பாள். இரண்டு இடது கைகள் நீளும். வயிற்றுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது போலிருக்கும். இத்தனைக்கும் அண்ணி தங்கமானவள். அவளிடம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் பெரிய குறையாக இருந்தது.

ஒரு தடவை பள்ளி லீவில் பையன் கடைக்கு வந்து உதவினான். பச்சை டப்பாக்களின் நடுவே பழுப்பு டப்பாவை அடுக்கி வைத்தான். "எதையும் நின்னு பாக்கறதில்ல, அத்தை மாதிரியே அவசரக்குடுக்கை" என்று திட்டினாள். அந்தத் தப்பைக்கூட அவள் அத்தை கணக்கில்தான் எழுதினாள்.

பத்தொன்பது வயதில் அவன் ரயில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். அத்தைதான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். மிச்சம் இருந்தது உடல் பரிசோதனை மட்டும். அன்று அண்ணிக்கு வண்டி ஓட்டும் வேலை இருந்ததால் துணைக்கு அம்மா போனாள். போகும் வழியெல்லாம் அவளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகளால் ஆன வட்டம்.

"என்ன நம்பர் தெரியுது?"

பையன் உற்றுப் பார்த்தான். "நம்பரா? வெறும் புள்ளிதானே இருக்கு, சார்."

பின்னால் நின்ற அவளுக்கு எழுபத்து மூன்று பளிச்சென்று தெரிந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும். நாலாவது பக்கத்தில் அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"சிவப்பு, பச்சை ரெண்டையும் இவரால பிரிச்சுப் பாக்க முடியல. சிக்னல் பாத்து ஓட்டற வேலை. கொடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

பையன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் நகரவில்லை.

"இது எதனால டாக்டர் வருது?"

"பிறவியிலயே வர்றது. பெரும்பாலும் அம்மா வழியா." அவர் ஒரு தாளில் இரண்டு கோடுகள் கிழித்தார். "எக்ஸ் குரோமோசோம் உங்களுக்கு ரெண்டு. நிறம் பாக்கறதுக்கான ஜீன் அதுலதான் இருக்கு. ஒண்ணுல பிழை இருந்தாலும் இன்னொண்ணு ஈடு கட்டிடும், அதனால உங்க கண்ணுல குறை தெரியாது. ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு எக்ஸ்தான், அது அம்மா கொடுக்கறது. பிழையுள்ளது போச்சுன்னா ஈடு கட்ட ஆள் கிடையாது. அப்பாகிட்டேருந்து இது பையனுக்கு வராது."

"அவன் அப்படியே அவங்க அத்தை மாதிரி இருப்பான், டாக்டர்."

"அத்தைக்கும் அப்பாவுக்கும் ஒரே அப்பா அம்மாதானே. அதுல கொஞ்சம் இவருக்கு வந்திருக்கு. முகத்துல இருக்கறது கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ உங்களோடது. சரிபாதி."

அந்த நிமிடத்தில் அவளுக்குள் எழுந்ததை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. முதலில் வந்தது துக்கமல்ல. சந்தோஷம். கிடைத்துவிட்டது, என்னுடையது ஒன்று அவனிடம் இருக்கிறது என்று மனசு துள்ளியது. மறு மூச்சிலேயே, வெளியே பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவன் நினைவுக்கு வந்தான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது தன் அப்பாவை நினைத்துக்கொண்டாள். அவர் தையல்காரர். துணியை நீட்டி, "இதுக்குப் பொருத்தமா நூல் எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்று ஐந்து வயதிலிருந்து அவளைத்தான் ஏவுவார். விளையாட்டு என்று நினைத்திருந்தாள். தனக்குத் தெரியாத நிறங்களை மகளின் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். கடைசி வரை மூச்சு விடவில்லை. அவளுக்கு இந்தக் கண் பழகியதே அவர் கண்ணின் குறையால்தான்.

சாயங்காலம் சேதி தெரிந்து அண்ணி சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தாள். பையன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். அண்ணி அடுப்படியிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாம் என்னாலதான். நான்தான் சின்னதுலேருந்து ரயில் ரயில்னு ஆசை காட்டிக் கெடுத்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள், இப்போது பழியையும் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாள்.

"அண்ணி, அதை விடுங்க. இது எங்க அப்பாகிட்டேருந்து எனக்கு வந்து, என்கிட்டேருந்து அவனுக்குப் போனது. டாக்டர் படம் போட்டே காட்டினார். அவன்கிட்ட என்னோடதுன்னு தெரிய வந்தது இது ஒண்ணுதான். இதையும் நீங்க எடுத்துக்காதீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அண்ணி அவளையே பார்த்தாள்.

"இத்தனை வருஷமா மனசுல இதைத்தான் வச்சிருந்தியா?"

"உங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும், அண்ணி. அவனை உங்க பக்கத்துல பாத்தா இன்னும் எரியும்."

"அது தெரியும்" என்றாள் அண்ணி. "நான் வர்ற அன்னிக்கு மட்டும் பாத்திரம் ஏன் அவ்வளவு சத்தம் போடுதுன்னு எனக்குத் தெரியாதா? என் தம்பிக்குத்தான் காது மந்தம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கதவு திறந்தது. பையன் வந்து நின்றான். எவ்வளவு கேட்டானோ தெரியாது.

"ரெண்டு பேரும் என்னைப் பங்கு போட்டு முடிச்சாச்சுன்னா சாப்பாடு போடுங்க" என்றான். கண் சிவந்திருந்தது.

ஓட்டுநர் ஆசை அன்றோடு போயிற்று. மூன்று மாதம் அவன் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. அப்புறம் அவனாகவே விசாரித்து ரயில் பணிமனையில் சக்கரம் கடையும் லேத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். அந்த வேலைக்கு நிறச் சோதனை கிடையாது. தேய்ந்த சக்கரத்தைச் சீவி, விளிம்பைத் தடவியே வளைவு சரியா என்று சொல்ல விரல் வேண்டும். அது அவனுக்குச் சீக்கிரமே கைவந்தது.

அத்தை ஓட்டும் வண்டியின் சக்கரமும் தங்கள் பட்டறைக்குத்தான் வருகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். அத்தையின் முகம் பூரித்துப்போனது. அம்மா குழம்புக் கரண்டியைச் சற்று ஓங்கியே வைத்தாள். அண்ணி தலை நிமிராமலே, "எரியுதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றாள் அவள்.