யாரும் சொல்லாத பெயர்

எஃபி கீப்பிங்கின் வாய்க்கு எங்கள் கடலோர ஊர் கேன்டில் கோவ் முழுவதும் பயப்படும். மீன் கொட்டகையில் அவளும் நானும் எதிரெதிரே நின்று பாதி ஆயுள் காட் மீன் கீறினோம். மேஸ்திரி ஒன்று சொன்னால் எஃபி ஒன்பது சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிவேனா என்று நீண்டுகொண்டே போனபோது, கோயிலுக்குள்ளேயே எழுந்து நின்று, "ஐயரே, ஆமென் போடுங்க, அடுப்புல உப்புக்கறி கருகுது" என்றவள். அன்றைக்கு ஐயரும் சிரித்துவிட்டார்.

அப்படிப்பட்ட வாய் ஒரு செப்டம்பர் மாதம் அடைத்துப்போனது. மலைச்சரிவில் என்னோடு பழம் பறித்துக்கொண்டிருந்தவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். என்னவோ சொன்னாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது காலும் கையும் ஓரளவுக்கு அவள் சொன்னதைக் கேட்டன. வாய்தான் கேட்கவில்லை. அத்தனை சொல்லும் போய், அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஆமா."

டீ வேணுமா? ஆமா. பாலில்லாமலா? ஆமா. பால் ஊத்தியா? ஆமா. வீடு தீப்பிடித்தாலும் ஆமாதான். மனசுக்குள் 'இல்லை' என்று கத்துவாள், அது கண்ணில் தெரியும். வெளியே வருவது ஆமா. சரி, தலையையாவது ஆட்டு என்றால், தலையும் மேலும் கீழும்தான் ஆடும். பிறகு அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

படகில் வந்து போகும் நர்ஸ் எனக்கு எடுத்துச் சொன்னாள். "அவங்களுக்குப் புத்தி ஒண்ணும் கெடலைங்க. நீங்க பேசுறது புரியுது. சொல்லைத் தேடுனா கெடைக்க மாட்டேங்குது. கெடைச்சாலும், நாக்கை எப்படி வைக்கணும், உதட்டை எப்படிக் குவிக்கணும்னு வாய்க்கு மறந்துபோச்சு. நெனைச்சுச் செய்யப்போனாத்தான் தடுமாறும். நெனைக்காம வந்தா வந்துடும்." அது உண்மைதான். மெழுகுவர்த்தியை ஊதிக் காட்டு என்று நர்ஸ் சொன்னபோது எஃபியால் ஊத முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். அடுத்த நிமிஷம் சூடான டீயை அழகாக ஊதிக் குடித்தாள்.

கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். வாசலில் ஐயர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, ஆமா. எங்கள் ஊர் ஸ்டான்லியின் பெண்டாட்டி மேவிஸுக்கு அது போதாதா? "கடவுள்கிட்ட மட்டும் பேசுவா, நம்மகிட்ட நடிப்பா" என்றாள். அவள் மேல் ஒரு வாளி மீன்குடலைக் கொட்டலாம் போல இருந்தது எனக்கு.

ஆனால் மேவிஸை மட்டும் சொல்லி என்ன? முதலில் எல்லாரும் வந்தார்கள். காது கேட்காதவளிடம் கத்துவது போலக் கத்தினார்கள். குழந்தைக்குக் கொடுப்பது போல மிட்டாய் கொடுத்தார்கள். அப்புறம் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அப்புறம் வருவதையே விட்டார்கள். ஊர் வாயை அடைத்தவள், ஊர் மறந்த ஆளாகிப்போனாள். எனக்கு அது தாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவள் மகன் டாரல் வந்தான், மேற்கே ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. கெட்டவன் இல்லை, பயந்தவன். பட்டணத்தில், செயின்ட் ஜான்ஸில், முதியோர் இல்லம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். "அம்மா, அங்க போயிடலாமா? நர்ஸு, டாக்டரு எல்லாம் பக்கத்துலயே. சரியா?" என்று கேட்டான். அவள் சொன்னாள், "ஆமா."

அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டு வெளியே போனான். எஃபி என் வீட்டுக்கு வந்தாள். கையை மார்பில் வைத்தாள், ஜன்னல் வழியே தன் வீட்டைக் காட்டினாள். எனக்கு அதுக்கு மேல் சொல்ல வேண்டுமா? நேராக டாரலிடம் போனேன்.

"டேய், அவ ஆமான்னா ஆமா இல்லடா."

"அப்ப இல்லைன்னும் அர்த்தம் இல்லையே, அர்சுலா அத்த? ராத்திரி விழுந்து கெடந்தா யாரைக் கூப்புடுவா? என்னன்னு கூப்புடுவா?"

"நான் எதுத்த வீட்டுலதான இருக்கேன், குத்துக்கல்லாட்டம்."

"உனக்கே முழங்கால் ரெண்டும் போச்சு. அம்மா வாயால ஒரு தடவை வேணாம்னு சொல்லட்டும், விட்டுடறேன். இல்லைன்னா பழைய கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநா படகு."

அவளால் முடியாத ஒன்றே ஒன்றைக் கேட்டான் பாவி. அதன்பிறகு தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாயைக் கோணிக் கோணிப் பழகினாள். வியர்த்து வழியும். வந்தது ஆமாதான்.

கிறிஸ்துமஸிலிருந்து, பழைய கிறிஸ்துமஸ் என்று நாங்கள் சொல்லும் ஜனவரி ஆறு வரை, அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் ஊரில் வேஷம் கட்டி வீடு வீடாகப் போவோம். ஆண் பெண் வேஷம், பெண் ஆண் வேஷம், முதுகில் தலையணை, முகத்தில் ஜன்னல் திரை. குரல் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பேசுவோம். வந்திருப்பது யார் என்று வீட்டுக்காரர்கள் பேர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் திரையைத் தூக்கியாக வேண்டும். சொல்லவில்லையென்றால் தூக்க வேண்டாம். கூட வந்தவர்களும் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஊரிலேயே எஃபிதான் இதில் கில்லாடி.

பழைய கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து, செத்துப்போன புருஷன் கடலுக்குப் போட்டுப்போன எண்ணெய்த்துணிக் கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பொத்தானைப் போடத்தான் அவள் விரல்கள் தடுமாறின. நான் போட்டுவிட்டேன். திரையை முகத்தில் போட்டதும் அவள் நிமிர்ந்து நின்றாள்.

ஸ்டான்லி வீட்டுச் சமையலறையில் கூட்டம். டாரலும் ரம் குடித்துக்கொண்டிருந்தான். என்னை உள்ளே நுழைந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். "அந்த இடுப்பை எந்தக் கோட்டுல ஒளிப்ப, அர்சுலா?" என்றான் ஸ்டான்லி. திரையைத் தூக்கினேன். எஃபியை யாருக்கும் தெரியவில்லை.

"நீ யாரு, அழகா? பேசு பாக்கலாம்!"

எஃபி மூச்சை உள்ளே இழுத்து என்னவோ உறுமினாள். வேஷக்காரன் உறுமாமல் வேறென்ன செய்வான்? எல்லாரும் சிரித்தார்கள். அக்கார்டியன் வாசித்ததும் ஆடினாள், கால் கொஞ்சம் இழுத்தாலும் தாளம் தப்பவில்லை. முதுகில் தட்டினார்கள், ஏசினார்கள், அவளோடு வம்பு வளர்த்தார்கள். அவளை அப்படி யாரும் மனுஷியாக நடத்தி மாசக்கணக்காயிற்று.

பிறகு பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். "கிளாடிஸ்." இல்லை என்று நான் தலையாட்டினேன். "பெர்சி." இல்லை. ஊரில் மிச்சமிருக்கும் ஒவ்வொருவர் பேரும் வந்தது. ஐயர் பேர் வந்தது. முந்தின வருஷமே டொராண்டோவுக்குப் போய்விட்ட ஆல்வின் பேர்கூட வந்தது. எஃபியின் பேரை ஒருத்தர் வாயும் சொல்லவில்லை.

"இனி ஊர்ல யாருடா பாக்கி?" என்றாள் மேவிஸ்.

"பாக்கி எங்கம்மாதான்" என்றான் டாரல். சிரிப்பு எழுந்து அடங்கியது. "அது வீட்டுல தூங்குது. அதுக்கு இனிமே கிறிஸ்துமஸ் ஏது, பண்டிகை ஏது? எங்கம்மா எப்பவோ போயிடுச்சு, உடம்புதான் இங்க இருக்கு. இல்லத்துக்குப் போலாமான்னு கேட்டேன், சந்தோஷமா ஆமான்னுது."

நான் வாயைத் திறந்தேன். எஃபி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். திரைக்குப் பின்னால் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது கேட்டது.

அடுப்பில் விறகு குறைந்திருந்தது. டாரல் எழுந்து கொட்டகைக்குப் போனான். கை நிறைய விறகும் காலில் முழங்கால்வரை பனியுமாகத் திரும்பி வந்து, அப்படியே உள்ளே நடந்தான்.

"பூட்ஸைக் கழட்டுடா கழுதை! இப்பத்தானே தரை கழுவுனேன்!"

திரைக்குப் பின்னாலிருந்து கணீரென்று, ஒரு சொல் பிசகாமல், அவன் சின்ன வயசில் தினமும் கேட்ட அதே ஏச்சு. அக்கார்டியன் நின்றது. டாரல் கையிலிருந்த விறகெல்லாம் விழுந்தது.

"அம்மா?"

பேர் சொல்லியாகிவிட்டது. எஃபி திரையைத் தூக்கினாள். முகம் முழுக்க ஈரம். மேவிஸ் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நீ... எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தியா?"

"ஆமா."

"படகுல... வர்றியா?"

அவள் உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. எங்கள் எல்லாருடைய வாயும் அவளுக்காக அசைந்தது என்று நினைக்கிறேன். வந்தது, "ஆமா." தன் வாயிலேயே கையால் அடித்துக்கொண்டாள். மறுபடி அடித்தாள். நான் கையைப் பிடிப்பதற்குள் உதட்டில் ரத்தம் வந்துவிட்டது.

டாரல் வேறெதுவும் கேட்கவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினான். மற்றதையும் கழற்றினான். அவற்றைக் கதவோரம் ஜோடியாக வைத்துவிட்டு, காலுறையோடு வந்து அவள் மடியில் தலையை வைத்து அழுதான்.

படகு அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. எஃபி தன் வீட்டிலேயே இருந்தாள். டாரல் தினமும் போன் பண்ணி ஊர்க்கதை, வேலைக்கதை எல்லாம் சொல்லுவான். கேள்வி மட்டும் கேட்க மாட்டான். அதற்கப்புறம் வந்த இலையுதிர்காலத்தில் ஒரு காலை, அடுப்பு எரிந்துகொண்டிருக்க, அவள் தன் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்திருந்தாள். நான்தான் கண்ணை மூடிவிட்டேன்.

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வேஷக்காரர்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். திரைக்குப் பின்னால் யார் நின்றாலும் நான் முதலில் சொல்லும் பேர் எஃபிதான். கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். அன்றைக்கு அந்தச் சமையலறையில் ஊர்ப்பேரெல்லாம் சொன்னார்களே, அந்தப் பேரை விட்டுவிட்டார்களே.