மூன்று பலகை போட்ட அறை

கற்பூரம் எரிந்த இடத்திலிருந்து, சட்டென்று தீப்பற்றும் சால்வென்ட் டேங்க் நாற்பத்திரண்டு அடி. டேப் வைத்து நானே அளந்தேன். செம்மங்குப்பம் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் நான் சேப்டி ஆபீசர். சிதம்பரத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

ஏற்றியவர் குறிஞ்சிப்பாடி ஏழுமலை, பம்ப் ஆபரேட்டர். ரிப்பேர் முடிந்த பம்பைக் கும்பிடாமல் ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"வீட்டுக்கு அனுப்பிடலாம் சார்" என்றார் மேனேஜர்.

"அவுரு மட்டுமா சார்? ஃபிட்டர் சலீம் கம்ப்ரசர் பின்னால தொழுவப் பாய் விரிக்கிறாரு. லேப் ஸ்டெல்லா ஸ்டோர் ரூம்ல நின்னு ஜெபம் பண்றாங்க. எல்லாருக்கும் ஒரு எடம் குடுத்துடுவோம்."

"மூணு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள உள்ள எங்கியாவது நெருப்பு வெச்சா ரூமும் கெடையாது, ஏழுமலையும் கெடையாது."

ஆபீஸ் கட்டடத்தில் ஓர் அறையைக் காலி செய்தேன். மூன்று மதத்துக்கும் உட்கார மூன்று பலகை, இடையிடையே தடுப்பு. ஒவ்வொரு பலகையும் சரியாக மூன்றடி. சுவரில் ஒன்பது விதிகள். வருகிறவர் கையெழுத்திட ஒரு நோட்டு. பத்தொன்பது நாளில் இரண்டு கையெழுத்து, ஒன்று என்னுடையது.

எனக்குத் தூக்கம் கெட்டது. பம்பை மறுபடி பிரித்து மாட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த அறை உதவாவிட்டால் ஏழுமலை எங்கே கற்பூரம் ஏற்றுவார்? மூவரையும் கூப்பிட்டேன்.

"வெளக்கு ஏத்தக்கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டு கும்பிட வான்னா எப்பிடி சார்?" என்றார் ஏழுமலை.

"எனக்கு எதுக்கு சார் பலகை? கைகால் கழுவ ஒரு கொழா, சுத்தமான தரை, அது போதும். மேக்குச் செவுத்துல மட்டும் எதையும் மாட்டாதீங்க" என்றார் சலீம்.

"எனக்கு ஒரு நாற்காலி போடுங்க சார், முட்டி வலிக்குது. அந்த நோட்ட எடுத்துடுங்க. கையெழுத்து போட்டுட்டு ஜெபம் பண்ணா மீட்டிங்குக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார் ஸ்டெல்லா.

அறையை மெயின் கேட்டுக்கு வெளியே, பழைய சைக்கிள் ஷெட்டுக்கு மாற்றினேன். அங்கே நெருப்புக்குத் தடையில்லை. கிழக்கே படமும் விளக்கும், ஜன்னலோரம் நாற்காலி, வாசலில் குழாய். தடுப்பும் இல்லை, பலகையும் இல்லை.

பம்ப் மறுபடி ஓட வேண்டிய காலை வந்தது. முதல் வேலையாக பம்படிக்குப் போய்க் குனிந்து தேடினேன். கரித்தடம் இல்லை, தீக்குச்சி இல்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை தேடிவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். மேனேஜர் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்.

உள்ளே கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. ஏழுமலை முட்டி போட்டு, சிந்திய எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பாயை அக்குளில் இடுக்கியபடி சலீம் நின்றார்.

"மச்சான், ஒங்க சாமிக்கு எண்ணெ ஜாஸ்தி. நேத்து என் நெத்தியெல்லாம் பிசுக்கு."

"நீ பம்புல மாட்டுன சீல்ல ஒழுவுற எண்ணெயவிட இது கம்மிடா! பாய விரி, காஞ்சிடுச்சு."

மேனேஜர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி உள்ளே எட்டி, தரையைத் தொட்டுப் பார்த்தார். "ஏழுமலை மேல போட்ட ஃபைல மூடிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கே, எப்போது, என்ன வேண்டும் என்று முதலில் அந்த இடத்துக்கு வரப்போகிறவர்களையே கேளுங்கள். ஆளுக்கு எத்தனை அடி என்று மட்டும்தான் நான் கேட்டேன். அதையும் என்னையே கேட்டுக்கொண்டேன்.