பெரிய டீச்சரின் முதல் வாய்

குமணன்சாவடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது வருடம் தலைமையாசிரியையாக இருந்தேன். சத்துணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் நான் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. நான் என்ன சோதனை எலியா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. சமைக்கிற அம்மா ஒரு கரண்டி சாம்பார் சாதத்தை நீட்டி, "இன்னா பெரிய டீச்சர், உப்பு சரியா கீதா?" என்பார். தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என் வாயையே பார்ப்பார்கள். நான் தலையாட்டியதும் அத்தனை தட்டும் ஒன்றாகத் தாளம் போடும். எனக்குப் போர்த்திய சால்வைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்கு உறைபோடக் காணாது.

ஓய்வு பெற்ற மறுநாள் மதியம் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டேன். தலையாட்டிவிட்டுக் காத்திருந்தேன். தட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"யாருக்குத் தலையாட்டுற?" என்றார் கணவர்.

"உப்பு சரியா இருக்கு" என்றேன்.