குதிரை மிதிக்காத புல்

என் கணவர் மைசூரில் டாங்கா என்கிற குதிரைவண்டி ஓட்டுகிறார். சுற்றுலா வந்தவர்கள் குதிரையோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்பட்டதால், சமைக்க நானும் போனேன்.

பொழுது சாய, புல் அடர்ந்த இடத்துக்குக் குதிரையைக் கூட்டிப் போனேன். அது நகராமல், அந்த வெறும் புல்லையே பார்த்து நடுங்கியது.

"என்னங்க, இங்க என்னமோ இருக்கு."

"உனக்கு எங்க போனாலும் பேய்தான்! டவுன்ல குதிரை மிரண்டா என்ன பண்ணுவோம்? கண்ணக் கட்டி சும்மா இழு" என்று சிரித்தார்.

துண்டால் கண்ணைக் கட்டி, முன்னால் நின்று இழுத்தேன். திடீரென்று என் காலுக்கடியில் புல் உள்ளே போனது. கயிற்றை விடாமல் தொங்கினேன். குதிரை பின்வாங்கி என்னை வெளியே இழுத்துவிட்டது.

கணவர் ஒரு கல்லைப் போட்டார். வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொடி மூடிய பாழுங்கிணறு.

இப்போது குதிரை தயங்கினால் இழுப்பதில்லை. குச்சியால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன். அவரும் சிரிப்பதில்லை.